தண்டவாளத்தின்மேல் கட்டில்

எட்மண்டைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கியபோது மழை விட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும், உடம்பு அதற்குமேல் தாங்காது என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவனை எங்கே அடக்கம் செய்வது என்பது மட்டும் முடிவாகவில்லை. அவன் மனைவி கிருபா தலைமாட்டில் உட்கார்ந்து, அழாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் சபையின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டால் அவருக்காக ஆலய மணி அடிக்கமாட்டார்கள். பெட்டி ஆலயத்துக்குள் வராது. பெட்டியின் மூடியில் சிலுவை இருக்காது. கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் கள்ளிவேலியோரமாகக் குழி வெட்டி, ஜெபம் இல்லாமல் மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். கல் நடவும் கூடாது. அங்கே சில மேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் கமிட்டிச் செயலாளர் வேதசிரோமணி சாரின் சொந்தத் தம்பியுடையது. தம்பிக்கே விட்டுக்கொடுக்காத மனுஷர் என்று சபையில் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் என்ன பெருமை என்று எனக்கு என்றைக்கும் விளங்கியதில்லை.

அது அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மாதம். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். எட்மண்ட் அதே துறையில் ஓவியர். எழும்பூரில் ஓவியம் படித்துவிட்டு, வேறு வேலை எதுவும் அமையாமல், எங்களுக்குத் தவளையின் வயிறும் புறாவின் நுரையீரலும் வரைந்துகொண்டிருந்தான். வகுப்புச் சுவரில் மாட்டுகிற பெரிய சார்ட்டுகள் எல்லாம் அவன் கைவேலை. அவன் வரைந்த தவளையைப் பார்த்துவிட்டு மேசையில் கிடக்கும் தவளையைப் பார்த்தால், மேசைத் தவளைதான் சரியில்லை என்று தோன்றும். வீட்டில் மட்டும் வேறு மாதிரி வரைவான். தலைக்குப் பதில் குடத்தை வைத்திருக்கும் மனிதர்கள், மரத்தில் காய்க்கும் செருப்புகள். அந்தப் படங்களை யாரும் வாங்கியதில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பயந்தார்கள்.

முந்தின நாள் மாலை, கல்லூரி விட்டு வீட்டுக்கு வரும்போது இரும்புலியூர் அருகே ரயில் லைனைக் கடந்தான். நாங்கள் எல்லோரும் அங்கேதான் கடப்போம். கேட் வரைக்கும் சுற்றிப்போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? விழுப்புரம் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் அடித்துவிட்டது. லைனைக் கடக்கும்போது நடந்த விபத்து என்று ரயில்வே போலீஸார் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருந்த ஐசக்குக்கு வாய் நிற்காது. அவனும் கமிட்டியில் ஒருவன். விசில்மேல் விசில் கொடுத்தும் அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று டிரைவர் சொன்னதை, விடிவதற்குள் பாதிச் சபைக்குச் சொல்லிவிட்டான்.

துக்கம் கேட்கப் போன வேதசிரோமணி சார், கூடத்தில் ஸ்டாண்டின்மேல் இருந்த படத்தைப் பார்த்தார். எட்மண்ட் கடைசியாக வரைந்துகொண்டிருந்த படம். பார்த்தவர் சொல்ல வந்த ஆறுதலைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்து கமிட்டியைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

ஆலயத்தை ஒட்டி, ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில் கூடினோம். போதகர் ஜெபசீலன், வேதசிரோமணி சார், ஐசக், பெண்களில் நான் ஒருத்தி. மற்ற உறுப்பினர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். படத்தை ஐசக் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தான். பெயிண்ட் சரியாகக் காயாததால் அவனுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பச்சை ஒட்டியிருந்தது. நான் பார்த்தும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

படத்தை ஜன்னலடியில் சாய்த்து வைத்தோம். பச்சைச் சுவர்கள் கொண்ட ஒரு வீட்டுக் கூடம். வாசலில் தொடங்கி எதிர்ச்சுவர் ஜன்னல்வரை கூடத்தின் நடுவே தண்டவாளம் போகிறது. தண்டவாளத்தின்மேல் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு மனிதன் கைகால்களை விரித்து மல்லாந்து கிடக்கிறான். மார்பு நடுவில் கீறப்பட்டிருக்கிறது. தோலை இரண்டு பக்கமும் மடித்துக் குண்டூசி குத்தியிருக்கிறது. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. உள்ளே இருதயமும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஒரு தவளை, ஒரு ஓணான், ஒரு கரப்பான், ஒரு புறா. கூரை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அதில் மீன்கள் நீந்துகின்றன. ஜன்னல் வழியாக ஒரு ரயில் எஞ்சின் எட்டிப் பார்க்கிறது. அதன் முன்விளக்குக்குப் பதில் ஒரு காது இருக்கிறது, பெரிய மனிதக் காது. கட்டிலில் கிடந்தவனின் முகம் மிக அமைதியாக இருந்தது. என்னால் அதிகநேரம் பார்க்க முடியாமல் போனது அந்த முகத்தைத்தான்.

"தன் சாவைத் தானே வரைஞ்சு வெச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் வேதசிரோமணி சார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

போதகருக்குச் சின்ன வயது. பெங்களூரில் இறையியல் படித்தபோது நூலகத்தில் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். இதற்குச் சர்ரியலிசம் என்று பெயராம். ஐரோப்பாவில் முதல் யுத்தத்துக்குப் பிறகு வந்ததாம். விழித்திருக்கும்போது கண் பார்ப்பதை வரையாமல், தூக்கத்தில் மனம் பார்ப்பதை வரைவார்களாம். ஆகவே தண்டவாளம் என்றால் தண்டவாளம், கட்டில் என்றால் சாவு என்று நேருக்கு நேர் பொருள் சொல்லக்கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு பிணம் வீட்டில் காத்துக்கொண்டிருக்கும்போது ஐரோப்பா மிகத் தூரத்தில் இருந்தது.

"இன்னா சார் இது, கனவுன்னு சொல்லிட்டா அதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடுமா?" என்று ஐசக் கேட்டான். போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேதசிரோமணி சார் அர்த்தம் சொன்னார். அவர் சொன்ன விதத்தைப் புரிந்துகொள்ள எங்கள் இருதயப் படச்சுருளைப் பற்றித் தெரிய வேண்டும். அந்த அறையின் மூலையில் எப்போதும் சுருட்டி நிறுத்தியிருக்கும். விரித்தால் துணியில் பெரிய சிவப்பு இருதயங்கள். முதல் இருதயத்துக்குள் மிருகங்கள் குடியிருக்கும். மயில் என்றால் பெருமை, ஆமை என்றால் சோம்பல், தவளை என்றால் பேராசை. மனந்திரும்பாத மனிதனின் உள்ளம் அது. எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே அந்த மிருகங்களைப் படித்துவிடும். வேதசிரோமணி சார் முப்பது வருஷமாகத் தெருப் பிரசங்கங்களில் அந்தச் சுருளின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர். எந்தப் படத்தைக் கண்டாலும், அதில் மிருகம் இருந்தால், அது என்ன பாவம் என்றுதான் அவர் மனம் முதலில் கேட்கும். காலண்டரில் பசுவைப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஆக, தவளை பேராசை. ஓணான் சர்ப்பத்தின் சொந்தக்காரன், எனவே சத்துருவாகிய பிசாசு. கரப்பான் எந்தப் பாவம் என்பதில் அவருக்கும் ஐசக்குக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு வந்தது, கடைசியில் அவநம்பிக்கை என்று முடிவு செய்தார்கள். இத்தனையும் தன் நெஞ்சில் குடியிருக்கிறது என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான், ஒப்புக்கொண்டு தண்டவாளத்தில் படுத்திருக்கிறான், எஞ்சின் காதுகொடுத்துக் கேட்கிறது, ஏனென்றால் அவன்தான் அதைக் கூப்பிட்டிருக்கிறான். இதுதான் சாரின் விளக்கம். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அது கோர்வையாக இருந்தது. அதுதான் வேதனை.

நான் பேசினேன். எட்மண்டை அந்த அறையில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவனுடைய அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே கேங்மேனாக இருந்தவர். லைனோரத்துக் குவார்ட்டர்ஸில்தான் எட்மண்ட் பிறந்து வளர்ந்தான். கோடையில் வீட்டுக்குள் படுக்க முடியாது, கட்டில்களைத் தண்டவாளத்துக்கு அருகே போட்டுக்கொண்டு தூங்குவார்களாம். வண்டி போகிற காற்றில் போர்வை பறந்துபோகும், காலையில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவோம் என்று மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். தண்டவாளமும் கயிற்றுக் கட்டிலும் அவனுக்குச் சாவு அல்ல, அம்மா வீடு என்றேன். தவளையும் ஓணானும் அவன் அன்றாடம் பார்த்து வரைந்தவை. மடித்துக் குண்டூசி குத்துவது நாங்கள் லேபில் செய்கிற வேலை. மனிதன் எதைப் பார்க்கிறானோ அதைத்தானே கனவு காண்பான் என்றேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைத்தேன். போதகர் தலையாட்டினார். ஐசக்கின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

வேதசிரோமணி சார் படத்திலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"லைனோரத்துலேயே பொறந்து வளர்ந்த பிள்ளை. தண்டவாளத்துல காலை வெச்சாலே வண்டி எவ்வளவு தூரத்துல வருதுன்னு சொல்லிடுவான். சாராளம்மா, அவனுக்கா விசில் கேக்கல?"

அவனைக் காப்பாற்ற நான் எடுத்து வைத்த ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகத் திரும்பி நின்றது. நகரத்திலிருந்து வந்த யாரோ ஒருவன் லைனில் அடிபட்டால் விபத்து என்று நம்பலாம். கேங்மேன் மகன் அடிபட்டால் எப்படி நம்புவது? அந்தக் கேள்வியை நானே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். மரக்கடை முஸ்தபா பாய் அனுப்பியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கள் சபைக்கும் கத்தோலிக்கர்களுக்கும் பெட்டி செய்பவர் அவர்தான். பெட்டி தயாராகிவிட்டது, மூடியில் சிலுவை அடிக்கலாமா வேண்டாமா என்று கேட்டுவரச் சொன்னாராம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று போதகர் முனகினார். வந்தவன் வராந்தாவில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

அவனைத் தாண்டிக்கொண்டு கிருபா உள்ளே வந்தாள்.

புருஷன் உடம்பை வீட்டில் போட்டுவிட்டுப் பெண் வெளியே வருவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அவளைத் தேடிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். முந்தின நாள் கட்டியிருந்த அதே புடவை. காலில் செருப்பில்லை. அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய் இருதயப் படச்சுருளை எடுத்து, எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டி, விரித்தாள். எட்மண்டின் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கியது. கிருபா எங்கள் ஞாயிறு பள்ளியின் டீச்சர். அந்தச் சுருளை அவளைவிட அதிகம் விரித்தவர்கள் சபையில் இல்லை.

எட்மண்ட் படங்களை அவள் மதித்தவள் அல்ல. வீட்டுக்குப் போனால், பாருங்கக்கா இந்தக் கண்றாவியை, பால்காரன்கூட உள்ளே வரப் பயப்படறான் என்பாள். சுவரில் ஒன்றைக்கூட மாட்டவிட்டதில்லை. அப்படிப்பட்டவள் அவன் படத்தின்முன் முழங்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற நிதானமான குரலில் ஆரம்பித்தாள்.

ரெண்டு கோடு இருக்கு, பாருங்க. ஒடுக்கமா, நேரா, வளையாமப் போகுது. அகலமான ரோட்டுல அவர் படுக்கல, ஜீவனுக்குப் போற ஒடுக்கமான வழியிலதான் படுத்திருக்கார் என்றாள். கட்டில் எதற்கு? நடக்க முடியாமல் கிடந்த நோயாளியைக் கட்டிலோடு தூக்கிவந்து இறக்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அந்தக் கட்டில். மேலே தண்ணீர் எதற்கு? ஞானஸ்நானம். எஞ்சினில் காது எதற்கு? எமன் வருகிற இடத்தில்கூட ஜெபத்தைக் கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்பதற்கு. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சொன்னாள். ஈரப் பெயிண்ட் அவள் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டே வந்தது.

பிறகு வேதசிரோமணி சாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார், நீங்கதான் எனக்கு இந்தச் சுருளைச் சொல்லிக்கொடுத்தீங்க. மொதல் படத்துல மிருகமெல்லாம் உள்ள பாத்து உக்காந்திருக்கும். ரெண்டாவது படத்துல எப்படி இருக்கும்?"

அவர் பள்ளிப் பிள்ளைபோலப் பதில் சொன்னார். "தலையை வெளிய நீட்டிக்கிட்டுப் போகும்."

"இதுல பாருங்க. தவளை எந்தப் பக்கம் பாக்குது? ஓணான் எந்தப் பக்கம் பாக்குது? எல்லாம் வெளிய போகுது சார். புறா ஒண்ணுதான் உள்ள பாத்து நிக்குது. வருது சார் அது. மிருகம் போய், புறா வர்ற நெஞ்சு யாரோடது?"

ஐசக் மூக்கு படத்தில் இடிக்குமளவு குனிந்து புறாவைப் பார்த்தான். போதகரும் குனிந்தார். வேதசிரோமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். சுருளில் இரண்டாவது இருதயம் மனந்திரும்புகிறவனுடையது, பரிசுத்த ஆவியான புறா அதிலும் அப்படித்தான் உள்நோக்கி இருந்தது.

நான் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. தட்டில் எந்த விலங்கைக் கிடத்தினாலும் தலையை எங்களுக்கு எதிர்ப்பக்கம் வைப்பதுதான் லேபின் வழக்கம். எட்மண்டின் சார்ட்டுகளிலும் தவளையின் தலை எப்போதும் வெளியே, மேலே பார்த்துத்தான் இருக்கும். புறாவை மட்டும் பக்கவாட்டில், இடதுபுறம் பார்க்கிற மாதிரி வரைவான், மார்பின் வலது ஓரத்தில் வைத்தால் அது உள்ளே பார்ப்பதாகத்தான் தெரியும். அந்தப் பருவத்தில்தான் புறா சார்ட்டை முடித்துக்கொடுத்திருந்தான். கை பழகிய பழக்கத்தில் அதே தவளை, அதே புறா படத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டன. இதை அந்த அறையில் அறிந்தவள் நான் ஒருத்தி. ஏற்கனவே ஒருமுறை உண்மையைச் சொல்லி நான் அவனை வேலியோரம்வரை கொண்டுபோய் விட்டிருந்தேன். இந்தமுறை வாயை இறுக மூடிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

"புறா உள்ள பாத்துதான் இருக்கு" என்றார் வேதசிரோமணி சார். எழுந்து வாசலுக்குப் போய், வராந்தாவில் உட்கார்ந்திருந்தவனிடம் சிலுவை அடிக்கச் சொல் என்றார். "பெருசாவே அடிக்கச் சொல்லு."

மணி அடித்தது. ஊருக்கே கேட்கிற மணி. வேலைக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். பெட்டி ஆலயத்துக்குள் போனது, எல்லாப் பாட்டும் பாடினோம். எட்மண்டை அவன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் வைத்தோம். மண் போடும்போது கிருபா முதன்முறையாக அழுதாள். பெண்கள் எல்லோரும், பாக்கியசாலிடி நீ, உன் புருஷன் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதைக் கேட்கக் கேட்க அவள் அழுகை அதிகமாகத்தான் ஆயிற்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிருபா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனபோது படம் மறுபடியும் ஸ்டாண்டின்மேல் இருந்தது. எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

அன்று காலை வேதசிரோமணி சார் வந்திருந்தாராம். அந்தப் படத்தை ஞாயிறு பள்ளி அறையில் மாட்ட வேண்டும், சுருளுக்குப் பக்கத்திலேயே மாட்டி, அவள் அன்று சொன்ன மாதிரியே பிள்ளைகளுக்கு வாராவாரம் சொல்ல வேண்டும் என்று கேட்டாராம். கமிட்டிக்காகக் கேட்கவில்லையம்மா, எனக்காகக் கேட்கிறேன் என்றாராம். என் தம்பியும் ஏதாவது இப்படி வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா, அவன் நெஞ்சில் என்ன போயிற்று, என்ன வந்தது என்று பார்க்க எனக்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்றே என்று அந்த வயதான மனுஷர் கூடத்தில் நின்று தேம்பினாராம். கிருபா யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். லைனோரத்துலேயே வளர்ந்தவருக்கு வண்டி வர்றது கேக்காதா?"

அந்தக் கேள்வி அவள் காதுவரை போயிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கமிட்டி அறைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கொஞ்சம் தடுமாறி, லைனோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விடும், நம் வீட்டுக் கடிகாரம் நமக்கே கேட்பதில்லையே, அவனுக்கும் அப்படித்தான் விசில் கேட்காமல் போயிருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது உண்மையாகவும் இருக்கலாம் என்று பட்டது.

கிருபா லேசாகச் சிரித்தாள். "நான் அன்னைக்குப் படத்துக்குச் சொன்ன மாதிரியே நீங்க இதுக்குச் சொல்றீங்க."

பிறகு, அந்தப் படத்தில் நிஜமாக என்ன இருக்கிறது என்று தனக்குச் சொல்லும்படி கேட்டாள். எட்மண்ட் பழகிய இடத்தில் வேலை செய்கிறவள் நான், எனக்குத் தெரியாமல் இருக்காது என்று நம்பினாள். நான் எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தேன். தவளை பி.யூ.சி. சார்ட்டிலிருந்து வந்தது. காது, உட்செவி வரைந்தபோது பழகியது. மீன்கள் எங்கள் துறைத் தொட்டியில் இருப்பவை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. அவற்றை எல்லாம் ஒரே கூடத்தில் அவன் ஏன் கொண்டுவந்து வைத்தான் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அவன் வாழ ஆசைப்பட்டு வரைந்தானா, போதும் என்று வரைந்தானா என்று அந்த முகத்தை எவ்வளவு பார்த்தாலும் தெரியவில்லை. தெரியவில்லை கிருபா என்று நேராகவே சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அவர் சொன்னார்க்கா" என்றாள். "இதை ஆரம்பிச்சப்போ என்னைக் கூப்பிட்டு இங்க உக்கார வெச்சு, இது ஏன், அது ஏன்னு ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டிச் சொன்னார். அப்படியெல்லாம் அவர் என்கிட்ட சொன்னதே கெடையாது. ரொம்ப நேரம் சொன்னார். நான் மொறத்துல அரிசிய வெச்சுக் கல்லு பொறுக்கிக்கிட்டு, 'ம்', 'ம்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை என் மனசுல நிக்கலக்கா. ராத்திரி பகலா யோசிக்கறேன். ஒரு வார்த்தைகூட வரமாட்டேங்குது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் தானாகப் போனானா, தெரியாமல் போனானா என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கக்கூடும். அவளுக்கும் தெரியவில்லை. கமிட்டிக்குக் கிடைத்த பதில் அவளுக்குக் கிடைக்கவே போவதில்லை.

அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டாம் என்றேன். வேதசிரோமணி சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், வாராவாரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்க உன்னால் முடியாது என்றேன்.

"இல்லக்கா, குடுத்துடறேன்" என்றாள். "இங்க இருந்தா நான் எப்பவும்போல முதுகைக் காட்டிக்கிட்டு அடுப்புக்கிட்டப் போயிடுவேன். அங்க இருந்தா, பொய்யோ நெஜமோ, வாராவாரம் இது முன்னாடி நின்னு இதைப் பாத்துப் பேசித்தானே ஆகணும்?"

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், படத்தைச் சுற்றிக் கட்டுவதற்குத் தன் பழைய புடவை ஒன்றை எடுத்துவந்தாள்.